உறையில் இரண்டு துளைகள்

முப்பத்து நான்கு வருடம் ஆல்டர் ஃப்ளாட் ஊருக்கு நான்தான் தபால்காரன். இரண்டாயிரம் நாய்கள் என்னைக் கடித்திருக்கின்றன. ஊரில் இருந்ததே நாற்பது நாய்தான் என்பான் வெர்ன் ஹாஸ்கெட். நாற்பதும் ஐம்பது ஐம்பது தடவை கடித்தன என்பேன் நான். மாலிஸின் டோனட் கடையில், ஜன்னலோர மேசையில், காலை ஆறு மணிக்கு எங்கள் நாள் இப்படித்தான் விடியும். நான் கதை அளப்பேன், வெர்ன் திருத்துவான், கம்போடியாவிலிருந்து கைக்குழந்தையாக வந்து சேர்ந்த மாலிஸ் காபிக் குடுவையோடு நின்று யார் ஜெயித்தது என்று தீர்ப்புச் சொல்வாள்.

அந்த ஆகஸ்டில் வடக்கே மலை ஆறு வாரமாக எரிந்துகொண்டிருந்தது. ஊருக்குள் புகை எவ்வளவு என்றால், காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டு நடந்துதான் போயின. வெர்னுக்கு ஏற்கெனவே நுரையீரல் பாழ். நாற்பது வருடம் நெல் உலர்த்தும் ஆலையில் உமித்தூசியை விழுங்கியவன். மூக்கில் குழாய், பின்னால் சின்னச் சக்கரவண்டியில் ஆக்ஸிஜன் சிலிண்டர். புகை அடங்கும்வரை வாசலைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டோனட் கடைக்கு மட்டும் வருவான். அது வாசலைத் தாண்டுவதில் சேராது என்பது அவன் கட்சி.

ஆளுநரைப் பதவிக்காலம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பலாமா என்று கலிஃபோர்னியா முழுவதையும் கேட்கிற தேர்தல் செப்டம்பர் பதினான்காம் தேதி. கொள்ளைநோய்க் காலமானதால் எல்லார் வீட்டுக்கும் ஓட்டுச் சீட்டு தபாலிலேயே வந்துவிட்டது. அனுப்பலாம் என்றால் ‘ஆம்’, வேண்டாம் என்றால் ‘இல்லை’. மடித்து, உறையில் போட்டு, மேலே கையெழுத்திட்டுத் தபாலில் சேர்த்தால் முடிந்தது. நான் வந்த அன்றே ‘இல்லை’ போட்டு அனுப்பிவிட்டேன். வெர்ன் ‘ஆம்’. அதற்கு அவனிடம் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போனால் நான் இருப்பதைவிட நல்லவனாகத் தெரிவேன்.

முந்தைய டிசம்பரில் அவன் மனைவி நடீன் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனாள். உள்ளே யாரையும் விடவில்லை. வெர்ன் பதினைந்து நாள் கார் நிறுத்துமிடத்தில் சிலிண்டரோடு நின்று மூன்றாவது மாடியைப் பார்த்துக் கையாட்டினான். எந்த ஜன்னல் அவளுடையது என்று தெரியாது. அதனால் எல்லா ஜன்னலுக்கும் ஆட்டினான். அடக்கத்துக்குப் பத்துப் பேர்தான் வரலாம் என்றார்கள். நான் பதினோராவது ஆள். கல்லறை வேலிக்கு வெளியே நின்றேன். அந்தச் சட்டமெல்லாம் போட்டவர் ஆளுநர். அடுத்த வாரமே வெர்ன் மளிகைக் கடை வாசலில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்து, இந்தத் தேர்தல் வேண்டும் என்று அறுநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினான். அந்த எண்ணை மட்டும் நான் கூட்டவில்லை. ஒரு ‘ஆம்’ போட்டுவிட்டால் நடீனுக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்று இருந்தான்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் அன்றைக்கு வாயைத் திறந்தேன்.

“ஏன்டா டெல், இந்த உறையில ரெண்டு பொத்தல் இருக்கே, எதுக்கு?” என்று தன் உறையை மேசைமேல் போட்டான் வெர்ன்.

பார்வையில்லாதவர்கள் விரலால் தடவி, கையெழுத்துப் போடும் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் அந்தத் துளைகள். ஒரு வரிப் பதில். ஆனால் பக்கத்து மேசையில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் ஒரு வரியோடு நிறுத்தியதே கிடையாது. உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

“பாரு. உன் ‘ஆம்’ தெரியுது.”

“எங்கடா? எனக்குத் தெரியலயே.”

“உனக்கு எதுக்குத் தெரியணும்? அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். பெரிய ஊர்ல தபால் பிரிக்கிற எடத்துல பன்னெண்டு பொம்பளைங்க ஸ்வெட்டர் பின்னுற ஊசியோட உக்காந்திருக்காங்க. பொத்தல்ல ஊசிய விட்டு லேசா நிமிண்டுவாங்க. ‘ஆம்’னு தெரிஞ்சா எடது பக்கம் ஒரு சறுக்கு. நேரா ஆத்துல போய் விழுது. இந்த வருஷம் சால்மன் மீனெல்லாம் ஏன் கொழுத்துக் கெடக்குன்னு நெனச்சே?”

“போன வாரம் ஆத்துல சால்மனே இல்லன்னீங்களே பெரியவரே,” என்றாள் மாலிஸ்.

“தின்னுட்டு அசைய முடியாம அடியில படுத்திருக்கும்மா. அதான் மாட்டல.”

கடையே சிரித்தது. வெர்ன் சிரிக்கவில்லை. உறையை வாங்கி, துளைகளை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “நீ தபால் ஆபீஸ் உள்ள இருந்தவன்டா,” என்றான். அவ்வளவுதான்.

மூன்றே நாளில் என் கதை ஊரைச் சுற்றிவிட்டு என்னிடமே வந்தது. ஊசி லேசர் விளக்காகியிருந்தது. பன்னிரண்டு பெண்கள் இருநூறு ஆகியிருந்தார்கள். டயர் கடைக்காரன் என் தோளைப் பிடித்து, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரே கண்ணால் பார்த்தாராம் என்று என்னிடமே சொன்னான். பெற்ற பிள்ளை பட்டம் வாங்கி வந்ததுபோல் பூரித்துப்போனேன். மறுக்கவில்லை. சால்மன் விஷயத்தைக் கேட்டீர்களா என்று கேட்டேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் வெர்ன் போன் செய்தான்.

“சீட்டக் கொளுத்திட்டேன்டா.”

“என்னத்தக் கொளுத்தின?”

“ஓட்டுச் சீட்ட. உறையோட. சமையலறைத் தொட்டியில போட்டு.”

“மூக்குல ஆக்ஸிஜனோடயா?”

“கழட்டி வெச்சிட்டுத்தான். நான் என்ன முட்டாளா? பதினாலாம் தேதி நேர்ல போறேன். என் கையால பெட்டியில போடுறேன். எவ ஊசி குத்துறான்னு பாக்கலாம்.”

அந்த நிமிடம் என் வயிற்றுக்குள் ஒரு நாய் கடித்தது. இரண்டாயிரத்து ஒன்றாவது. வண்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடினேன். தொட்டியில் கரி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“வெர்ன், கேளு. ஊசியும் இல்ல, பொம்பளைங்களும் இல்ல. எல்லாம் நான் அடிச்சு விட்டது. கண்ணு தெரியாதவங்களுக்காக வெச்ச பொத்தல்டா அது. போன் பண்ணினா வேற சீட்டு அனுப்புவாங்க. நானே எடுத்துட்டுப் போய்ச் சேத்துடுறேன்.”

“நீ எதுக்குப் போட்ட?”

“என்ன எதுக்கு?”

“‘ஆமா’வா, ‘இல்ல’யா?”

நான் தொட்டியிலிருந்த கரியை விரலால் சுரண்டினேன்.

“அதானே. மொதல்ல உண்மை வாய் தவறி வந்துருச்சு. இப்போ ‘ஆம்’ பக்கம் ஒரு ஓட்டு கொறையட்டும்னு மூடப் பாக்குற. போடா,” என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

பதினான்காம் தேதி புகை இன்னும் மோசம். நடுப்பகலில் வானம் ஆரஞ்சுத் தோல் நிறத்தில் இருந்தது. தெருவிளக்குகள் எரிந்தன. நான் வராவிட்டால் நடந்தாவது போவான் என்று தெரியும். என் பழைய பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓட்டுச்சாவடி இருந்த விவசாயிகள் சங்கக் கூடத்துக்குப் போனேன். வழக்கமாக அங்கே இருபது பேர் வந்தால் அதிகம். அன்றைக்கு வரிசை கூடத்தைச் சுற்றி, வாதுமைத் தோப்பு வரை நின்றது. ஒருவரும் தபாலை நம்பவில்லை. வரிசையில் பாதிப் பேர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்கள். “நல்ல நேரத்துல சொன்னீங்க,” என்றான் டயர் கடைக்காரன்.

ஓட்டுச்சாவடி அதிகாரி ஐலீன் சிலிண்டரைப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வந்தாள். நடீனின் தங்கை அவள்.

“வெர்ன், நீ வண்டியிலயே உக்காரு. சீட்டு நான் கொண்டு வரேன். முடியாதவங்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கு.”

“நீ அத எடுத்துட்டு உள்ள போறப்போ என் கண்ணுக்கு மறையும்ல?”

“நான் ஐலீன்டா!”

“தெரியுது. வரிசையில நிக்கிறேன்.”

ஒன்றரை மணி நேரம் நின்றான். சிலிண்டரின் முள் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு முறை குந்தினான். பக்கத்தில் நின்றவரும் நானும் தூக்கி நிறுத்தினோம். ஒருவழியாக மேசைக்குப் போனபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“பேரும் விலாசமும் சொல்லு,” என்றாள் ஐலீன்.

“என் கல்யாணத்துல கேக் வெட்டிக் குடுத்ததே நீதான். இப்போ பேரக் கேக்குற?”

“சட்டம் வெர்ன். நீயே வாயால சொல்லணும்.”

சொன்னான். இடையில் மூன்று முறை மூச்சு வாங்கினான்.

“தபால்ல வந்த சீட்டக் கொண்டு வந்தியா? அதக் குடுத்தா வேற தருவேன்.”

“கொளுத்திட்டேன்.”

ஐலீன் கண்ணை மூடித் திறந்தாள். மலைமேல் இருந்த தொலைத்தொடர்புக் கோபுரம் தீயில் போனதிலிருந்து அவள் கணினிக்குத் தலைமை அலுவலகத்தோடு பேச்சில்லை. அவன் ஏற்கெனவே தபாலில் போட்டானா இல்லையா என்று பார்க்க அவளுக்கு வழியில்லை. “அப்படின்னா தற்காலிக ஓட்டுதான். இதுல போட்டுக் குடு. நீ ரெண்டு தடவை போடலன்னு சரிபாத்துட்டு எண்ணுவாங்க. ஒட்டி, மேல கையெழுத்துப் போடு,” என்று சீட்டோடு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்றை நீட்டினாள்.

அது ஓர் உறை. கையெழுத்துக் கோட்டின் இரு முனையிலும் இரண்டு துளை.

வெர்ன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. திரும்பிப் போய்விடுவான் என்றே நினைத்தேன். மறைப்புக்குள் போய் ‘ஆம்’ போட்டு, மடித்து, உறையிலிட்டு, நாக்கில் ஈரமில்லாமல் நான்கு முறை தடவி ஒட்டினான். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கிய நடுக்கத்தில் ஹாஸ்கெட் என்ற பெயர் மேசையிலிருந்து வழிந்து விழப் பார்த்தது. பெட்டிக்குள் போட்ட பிறகும் கையை அதன்மேலேயே வைத்திருந்தான். நான்தான் எடுத்துவிட்டேன்.

வீட்டில் கொண்டுபோய் வேறு சிலிண்டர் மாட்டினேன். இரவு எட்டு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. மணி ஒன்பது ஆவதற்குள் தொலைக்காட்சியில் ஆளுநர் ஜெயித்துவிட்டார், பெரிய வித்தியாசத்தில்.

“என்னோடத இன்னும் எண்ணவே இல்லையேடா,” என்றான் வெர்ன்.

மறுநாள் காலை ஆம்புலன்ஸ் வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியில் ஒரே ஓர் ஆளை உள்ளே விட்டார்கள். ரீனோவில் இருக்கும் மகள் கோரின் வந்து சேரும்வரை அந்த ஆள் நான். ஏழாம் நாள் முகமூடியை விலக்கிக் கேட்டான்: “எண்ணிட்டாங்களா?”

“எண்ணிட்டாங்க. ஐலீனே சொன்னா.”

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. வெர்ன் தலையாட்டினான். என் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கென்றே முப்பது வருடம் எதிரே உட்கார்ந்திருந்தவன், இதை மட்டும் திருத்தாமல் விட்டான். இரண்டு நாளில் போய்விட்டான். அடக்கத்துக்கு இருநூறு பேர். நான் வேலிக்கு உள்ளேதான் நின்றேன்.

கோரின் ரீனோவுக்குத் திரும்பும்போது அப்பாவின் தபாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். அக்டோபர் நாலாம் தேதி பெட்டியில் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் கடிதம். உங்கள் தற்காலிக ஓட்டில் உள்ள கையெழுத்து எங்களிடம் உள்ளதோடு பொருந்தவில்லை. கீழே கையெழுத்திட்டு, இத்தனாம் தேதிக்குள் திருப்பி அனுப்பினால் உங்கள் வாக்கு எண்ணப்படும்.

கடிதத்தோடு அவன் மேசையில் உட்கார்ந்தேன். பதிவுத் தபாலுக்கு அவனிடம் முப்பத்து நான்கு வருடம் கையெழுத்து வாங்கியவன் நான். அந்த முதலெழுத்தின் வால் எங்கே சுழியும் என்று எனக்கு அத்துப்படி. மாலிஸ் கடைக் காகிதப் பையின் மேல் அவன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாவதிலேயே வெர்ன் வந்து உட்கார்ந்துவிட்டான். பை நிறைய முப்பது வெர்ன். எந்த அதிகாரியும், கோரினும்கூட, கண்டுபிடிக்க முடியாது. ஜெயித்தவருக்கு இதனால் ஒன்றும் குறையாது. ஊரில் யாருக்கும் தெரியாது. நடீனுக்கு மட்டும் போய்ச் சேரும்.

பேனா கடிதத்தின் மேல் நின்றது. போட்டால், தபால் ஓட்டில் திருட்டு நடக்கிறது என்று நான் அளந்தது மெய்யாகிவிடும், திருடன் நானே. போடாவிட்டால், வெர்னின் ‘ஆம்’ வழியிலேயே காணாமல் போகும். அதையும் நான்தான் அளந்திருக்கிறேன். எந்தப் பக்கம் போனாலும் என் கதையே ஜெயித்துக்கொண்டிருந்தது.

கடிதத்தைப் பழையபடி மடித்து உறையில் போட்டேன். உறையின் மேல், வேலையில் இருந்தபோது ஆயிரம் தடவை எழுதியதை எழுதினேன்: ‘பெறுநர் காலமானார். அனுப்பியவருக்கே திருப்புக.’ ஆயிரம் என்பது பொய். நூறு இருக்கும். காகிதப் பையை அதே தொட்டியில் போட்டுக் கொளுத்தினேன். புகை எச்சரிக்கை மணி அலறிக்கொண்டே இருந்தது. வெளியே போய்க் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டேன்.

அடுத்த வாரம் ஐலீன் வாயிலிருந்து விஷயம் கசிந்துவிட்டது. நான் டோனட் கடைக்குள் நுழைந்ததும் டயர் கடைக்காரன் எழுந்து நின்றான்.

“வெர்ன் ஓட்ட எண்ணலயாம்! நீங்க சொன்னது அப்படியே நடந்துருச்சு பாத்தீங்களா!”

மேசையில் ஒரு மனு இருந்தது. தபால் ஓட்டையே ஒழிக்க வேண்டுமாம். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும் என்று பேனாவை நீட்டினான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி இல்லை, சறுக்கு இல்லை, சால்மன் இல்லை. வெர்னின் வாக்கை யாரும் ஆற்றில் போடவில்லை, என் வாய்தான் போட்டது என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொல்கூடக் கூட்டாமல் சொன்னேன்.

டயர் கடைக்காரன் நீட்டிய பேனாவை மெல்ல இறக்கினான். பிறகு ஒருவன் சிரித்தான். “டெல், உங்க கதையிலயே மட்டமானது இதுதான்.”

மாலிஸ் மட்டும் சிரிக்கவில்லை. காபியை ஊற்றிவிட்டு, வெர்ன் இல்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. நான் மனுவில் கையெழுத்துப் போடவில்லை.

பத்து நாள் கழித்து அவள்தான் மெல்லச் சொன்னாள்.

“பெரியவரே, உங்களப் பத்திப் பேசிக்கிறாங்க.”

“என்னன்னு?”

“உங்கள வெலைக்கு வாங்கிட்டாங்களாம். மேலிடத்துலேர்ந்து மூணு பேர் கறுப்புக் கார்ல வந்து, ‘வாய மூடிட்டு இரு’ன்னு சொல்லி, உங்களுக்குப் புது பிக்கப் வண்டி வாங்கிக் குடுத்தாங்களாம்.”

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். இடது கதவு கயிற்றில் கட்டிய என் பழைய வண்டி புகையில் நின்றுகொண்டிருந்தது.

“அதான் வாசல்லயே நிக்குதே. இதையா புதுசுங்கறாங்க?”

“புதுசக் கொட்டகையில பூட்டி வெச்சுட்டு இத ஓட்டுறீங்களாம். அதான் உங்க தந்திரமாம்.”

நல்ல கதை. கறுப்புக் காரும், மூன்று பேரும், கொட்டகையும். நானே சொல்லியிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. திருத்துவதற்கு எதிரே ஆள் இல்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.