தண்ணீரில் போட்ட மருந்து

விஸ்வநத்தத்து டிஸ்பென்சரிக்குக் கம்பவுண்டராக வந்த முதல் வாரமே இந்த ஊர் என்னை முட்டாளாக்கிவிட்டது. ஒருத்தர் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து, "மருந்து பட்டுருச்சு சார்" என்றார். எந்த மருந்து, யார் எழுதிக் கொடுத்தது, சீட்டு எங்கே என்று நான் அதட்ட, வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பட்டாசுக்குள் அடைக்கிற வெடிப்பொடிக்கு இங்கே மருந்து என்று பேராம். பாளையங்கோட்டைக்காரனுக்கு எப்படித் தெரியும்? என்ன ஊரய்யா இது என்று எரிச்சல்பட்டுக்கொண்டே கண்ணைக் கழுவிவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, 1962 பங்குனியில், அதே சொல் என்னை மறுபடியும் கவிழ்த்தது.

என் அக்கா செல்லக்கனி வாழ்க்கைப்பட்டது இந்த ஊரில்தான். நானும் அவள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அத்தான் ஊர்க்காவலன் அச்சங்குளத்தில் ஒரு கம்பெனியில் மருந்து கலக்கிறவர். தை மாதம் கலவை தீப்பிடித்து வலது கை வெந்துபோனது. புண் ஆறிவிட்டது. நானே கட்டுப் போட்டு ஆற்றினேன். ஆனால் மேல்தோல் மூடியபிறகு உள்ளே ஒரு வலி ஆரம்பித்தது பாருங்கள், அப்படி ஒரு வலியை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. கைமேல் காற்றுப் பட்டால் அலறுவார். மல்துணி பட்டால் அலறுவார். பதினோரு நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை. சோற்றுத் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பக்கத்துக் கம்பெனியில் மத்தியானம் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆறடி மனிதர் கட்டிலிலிருந்து துள்ளி விழுவார்.

டாக்டர் இருந்த ஊசியெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, "இனி என் கையில இல்லப்பா" என்று சொல்லிவிட்டார். அத்தான் என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, இந்தக் கையை வெட்டிருங்க. இல்ல, என்னைக் கொன்னுருங்க" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கண் அப்படி இருந்தது.

அதற்கு மறுநாள் அக்கா என்னிடம் சொல்லாமல் வெம்பக்கோட்டைக்குப் போய் வீரலட்சுமி என்ற வைத்தியச்சியைப் பார்த்துவிட்டு வந்தாள். கஞ்சா லேகியம் தருகிறாளாம்! எனக்கு வந்த கோபத்தில் குடையைக்கூட எடுக்காமல், பத்து மைல் வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு சண்டை போடப் போனேன்.

என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். பிள்ளையில்லாத விதவை. நான் கத்தி முடிக்கும்வரை முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கத்தியாச்சா கம்பவுண்டரே? தண்ணி குடிக்கீகளா, இல்ல இன்னும் பாக்கி இருக்கா?"

"கோயில் வாசலில் சாமியார்கள் இழுக்கிற கண்றாவியை என் அத்தானுக்குக் கொடுக்கப் பார்க்கிறாயே, வெட்கமாக இல்லை?"

"அவுக இழுக்கது வேற, நான் கிண்டுறது வேற. வாங்க, வந்து பிள்ளையைப் பாருங்க."

வீட்டுக்குப் பின்னால் முள்வேலி. உள்ளே ஐந்து செடி. சித்த வைத்தியத்துக்கென்று அவள் அப்பா காலத்திலிருந்து அந்த ஐந்துக்கு மட்டும் பர்மிட் உண்டு. வேலியைத் திறந்ததும் வந்த வாசனையில் நின்றுவிட்டேன். மாம்பிஞ்சும் மிளகும் சாம்பிராணியும் சேர்ந்து நசுங்கினாற்போல ஒரு நெடி. செடிகள் என் இடுப்புக்குமேல் இல்லை. ஆனால் என்ன கனம்! கைவிரலை அகல விரித்தாற்போல இலை. கருநீலம் ஓடிய பச்சை. பூக்கள்மேல் உப்பைத் தூவினதுபோல் மினுமினுப்பு. தொட்டேன், விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. வந்த சண்டை பாதி அங்கேயே மறந்துபோனது.

"இவளோட ஆத்தா பனிமலைக்காரி" என்றாள் வீரலட்சுமி. "எங்க பாட்டன் காசிக்குப் போயி, அதுக்கும் அங்கிட்டு மலையேறி, விதையை இடுப்புல முடிஞ்சு கொண்டாந்தாரு. குட்டைச்சி, அகல இலைக்காரி. தகப்பன் நம்ம சதுரகிரிச் சரிவுல நின்னவன். ஒல்லி இலை, ஓங்கிப் பனையா வளருவான். ரெண்டு பேருக்கும் பிறந்த மகளைப் பாட்டன் வெளியில குடுக்கல. தாய்மாமனுக்குக் கட்டிக்குடுக்காப்ல திரும்பத் தாய் வழிக்கே குடுத்துட்டாரு. அதான் இவ முக்காலும் பனிமலைக்காரி, காலே கால்தான் சதுரகிரிக்காரி."

"அதனால் என்ன?"

"என்னவா? தகப்பன் வழி தலைக்கு ஏறும். பேச வைக்கும், சிரிக்க வைக்கும். ஆத்தா வழி உடம்புக்குள்ள இறங்கும். கையைக் காலை அவுத்து விட்டுரும், கண்ணைச் சொக்க வைக்கும், பசியைக் கிளப்பும். வலிக்கும் இசிவுக்கும் உறக்கம் கெட்டவுகளுக்கும் தீராத வயித்துப்போக்குக்கும் இவதான். அளவு தப்புனா நெஞ்சு படபடக்கும், பேய் பிடிச்சாப்ல பயம் வரும். அளவு எங்கிட்ட இருக்கு."

முற்றத்தில் அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். காய்ந்த பூவைத் துணியில் கட்டித் தண்ணீரில் அமுக்கினாள். தண்ணீர் பச்சையாயிற்று. கொட்டினாள், மறுபடி அமுக்கினாள். இப்படி ஏழு தடவை, தண்ணீர் தெளிகிறவரை. அதன்பிறகுதான் உலர்த்தி, நெய்யில் இளவறுப்பாக வறுத்து, பாலும் கருப்பட்டியும் கசகசாவும் சேர்த்துக் கிண்டினாள்.

"பத்து நாளைக்கு இது. செடியில நிக்கது காய மாசமாகும், காய்ஞ்ச மிச்சப் பூவையும் நீங்களே கொண்டுபோயி தகரப்பெட்டியில பூட்டி வைங்க. இங்கன எலித்தொல்லை. போன வருசத்து விதைப்பானையையே காலி பண்ணிருச்சு. விதை பிடிச்சாப் பூவோட சத்து குறையும்னு ஆம்பளைச் செடியைப் பூக்குமுன்ன பிடுங்கிட்டேன், அதனால இந்த வருசம் விதையும் இல்ல. பூத்து முடிஞ்சா இவளும் பட்டுப்போவா." செடியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "மூணு தலைமுறை. என்னோட முடிஞ்சு போச்சு. கடைசியாக் கிண்டுறது உங்க அத்தானுக்குத்தான்."

லேகியத்தையும் பூ மூட்டையையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அத்தானுக்குச் சுண்டைக்காய் அளவு கொடுத்தாள் அக்கா. நான் நாடியைப் பிடித்தபடி, ஏதாவது ஆனால் அந்த வைத்தியச்சியைச் சும்மா விடுவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாக்கு வறளுகிறது என்றார். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், சிரித்தார்.

"என்ன அத்தான்?"

"வலி போகல மாப்ள. இருக்கு. ஆனா பக்கத்து வீட்டுல இருக்கு."

சொன்னவர் அப்படியே சாய்ந்தார். மத்தியானம் கம்பெனியில் சாம்பிள் வெடித்தார்கள். எனக்கே காது அடைத்தது. கட்டிலைப் பார்த்தேன். இமைகூட அசையவில்லை. குறட்டை! அக்கா சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாயங்காலம் கண்ணைத் திறந்து, "பசிக்குதுளா" என்றார். மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார். இலைகளையும் வேர்களையும் கேவலமாகப் பேசின என் வாய் அன்றைக்கு மூடியதுதான். அடேயப்பா, ஒரு பூவுக்குள் இத்தனையா!

பத்தாம் நாள் லேகியம் தீர்ந்தது. மிச்சப் பூவில் அடுத்த லேகியம் கிண்ட வைத்தியச்சியை வரச்சொல்லி ஆள் அனுப்பினோம், நாளை சாயங்காலம் வருகிறேன் என்று சேதி வந்தது. அன்றைக்குப் பார்த்துக் கம்பெனி போர்மேன் ராக்கப்பன் சைக்கிளில் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனார்.

"ஆபீசர் வாராரு! வீட்டுல மருந்து வச்சிருக்கவுக எல்லாம் தண்ணியில போடுங்க! சீக்கிரம்!"

லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்துப் பட்டாசுக்குத் திரி செலுத்துகிறவர்களுக்கான எச்சரிக்கை அது, வெடிப்பொடி நனைந்தால் செத்துவிடும். மூன்று வருஷம் இந்த ஊரில் இருந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பர்மிட் வைத்தியச்சிக்குத்தான், என் பெட்டிக்கு இல்லை. சர்க்கார் உத்தியோகம், பெட்டிக்குள் கஞ்சா, தெருவில் ஆபீசர். பயம் வந்தால் படித்ததெல்லாம் பறந்துவிடுகிறது. மூட்டையைப் பிரித்து அப்படியே மாட்டுத்தொட்டியில் கொட்டிவிட்டேன். போதாததற்கு ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றினேன்.

ஆபீசர் வந்தார். கலங்கிக் கிடந்த தொட்டியை எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது?"

பொய் வரவில்லை. "மருந்து சார்" என்றேன்.

"புத்திசாலி. நாளைச் சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஊறட்டும்." அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்கா வந்து பார்த்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஏலே, அவுகளுக்கு இனி என்னத்தலே குடுப்பேன்?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் விடியும்போதே அத்தானின் முனகல் கேட்டது. மத்தியானம் முதல் வெடிக்கே துள்ளி விழுந்து, கை தரையில் பட்டு, அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு நான் டிஸ்பென்சரியிலிருந்து ஓடி வந்தேன். அந்த ஒரு நாள் நான் என்னை வெறுத்ததுபோல் யாரையும் வெறுத்ததில்லை.

சாயங்காலம் வீரலட்சுமி வந்தாள். தொட்டியைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பிழிந்தாள், மோந்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது.

"கம்பவுண்டரே, தண்ணி பட்டாச் சாகறது உங்க ஊரு மருந்து. நான் ஏழு தண்ணி விட்டுக் கழுவுனதைப் பக்கத்துல நின்னுதான பாத்தீக? எனக்கு வேலை மிச்சம். இவளோட சத்து தண்ணியில இறங்காது, நெய்யிலதான் இறங்கும்."

நான் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வாரி வாரி முறத்தில் பரப்பிக்கொண்டே இருந்தவள், திடீரென்று நிறுத்தினாள். ஈரப்பூவுக்குள்ளிருந்து எதையோ நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். மிளகைவிடச் சின்ன விதை. புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறம். வெடித்த வாயிலிருந்து வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. இன்னொன்று. இன்னொன்று. மொத்தம் மூன்று.

"ஆம்பளைதான் இல்லையே..." அவள் உள்ளங்கையைக் கண்ணருகே கொண்டுபோனாள். "ஒத்தையா நின்னே பிள்ளை பெத்திருக்கா. வம்சம் போயிரும்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கு. ஒரு நாள் ஊறி முளை விடலன்னா, கண்ணுல படாம இதையும் சேத்துல்ல வறுத்திருப்பேன்."

தண்ணீரில் போட்டதால் முளைத்தது. பயந்தாங்கொள்ளி நான் போட்டதால்! கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

வீரலட்சுமி அந்தப் பூவை உலர்த்தி எங்கள் வீட்டிலேயே லேகியம் கிண்டினாள். மூன்றாம் நாள் மத்தியானம் அத்தான் வெடிச்சத்தத்துக்கு நடுவில் குறட்டை விட்டுத் தூங்கினார். எழுந்து சாப்பிட்டபிறகு, வீரலட்சுமி ஈரத்துணியில் பொதிந்து வைத்திருந்த விதைகளைக் காட்டினாள். ஊருக்குக் கொண்டுபோய் நட வேண்டும் என்றாள். அத்தான் வலது கையை நீட்டினார். மல்துணியையும் காற்றையும் தாங்காத அந்தக் கையை.

அக்கா பதறினாள். வீரலட்சுமி பதறவில்லை. மூன்று விதைகளையும் ஒவ்வொன்றாக அந்தச் சிவந்த உள்ளங்கையில் வைத்தாள்.

"வலிக்குதா அத்தான்?"

"கூசுது மாப்ள" என்றார். விரல்களை மெள்ள மடக்கி, விதைகளை மூடிக்கொண்டார். "அம்புட்டுத்தான்."