இரண்டு பேருக்கான சஹன்

பிரேமிளா முல்லைத்தீவில் பஸ்ஸால் இறங்கியபோது நிக்காஹ் முடிந்துவிட்டது. கண்டாவளையிலிருந்து வழி முழுக்கப் படித்துக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை இரசாயனவியல் பரீட்சை. உயர்தரத்துக்கு இது மூன்றாம் தரம். இதிலும் விழுந்தால் பல்கலைக்கழகம் இல்லை.

இரண்டு தரமும் அவளை விழுத்தியது ஆவர்த்தன அட்டவணை. மூலகங்களைப் பின்னாலிருந்தும் ஒப்பிப்பாள். ஒரு மூலகம் ஏன் அந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டால் வாய் கட்டிவிடும்.

அவளுடைய தோழி றுக்ஷானா முதல் தரத்திலேயே வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டவள். முதல்நாள் போனில் இருவரும் ஈலியத்துக்காகச் சண்டை பிடித்தார்கள்.

"பெரிலியத்துக்கு வெளி ஓட்டில ரெண்டு இலத்திரன். ஈலியத்துக்கும் ரெண்டு. ஒரே நிரலிலதானே வரோணும்? ஏன் அதை அந்தத் தொங்கல்ல கொண்டுபோய் வச்சிருக்கு?"

"அதுக்கு ஓடு நிறைஞ்சிட்டுது."

"அந்த நிரலில மற்ற எல்லாத்துக்கும் எட்டு இலத்திரனடி."

"எடியே, நாளைக்கு ராத்தான்ர கலியாணம். சாப்பிட வா. பிறகு பாப்பம்."

கலியாண வீட்டில் முற்றமெங்கும் பாய்கள். பாய்களில் சஹன்கள்: ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டுகள், மூடியபடி. எங்கே இருப்பதென்று பிரேமிளாவுக்குத் தெரியவில்லை. உள்ளறையில் பூச்சுற்றிய சஹன் ஒன்று தனியே இருந்தது. சுற்றி ஒருவருமில்லை. போய் இருந்தாள்.

மணப்பெண், றுக்ஷானாவின் அக்கா றிஸ்பா, வாசலில் வந்து நின்றாள். பின்னால் மாப்பிள்ளை.

"உம்மா," என்றாள் றிஸ்பா. "எனக்கு வேற மாப்பிள்ளை பாத்திட்டிங்களா?"

பெண்கள் ஓடிவந்து பார்த்துச் சிரித்தார்கள். மேற்பார்வைக்கு நின்ற ஜொஹறா மாமி பிரேமிளாவின் கையைப் பிடித்து எழுப்பினா.

"இது பொண்ணு மாப்பிள்ளைக்கு, மகள்."

"ஆறு பேருக்குக் காணும் போல கிடந்தது, மாமி. அதுதான் இருந்தனான்."

"முத்தத்துச் சஹனுக்கு ஆறு. இதுக்கு ரெண்டு. ரெண்டு பேர் இருந்தா இது நிறைஞ்சுது. நீங்க வெளிய வாங்க."

பிரேமிளா வாசலிலேயே நின்றுவிட்டாள். மாப்பிள்ளை வழிக்காகக் காத்து நின்றார்.

"தள்ளடி," என்றாள் றுக்ஷானா. "அந்த மனுசன் பசியில நிக்கிறார்."

முற்றத்தில் அவளை ஒரு புதுச் சஹனில் இருத்தினார்கள். மற்றவை நிறைந்து, மூடி திறந்து, பேச்சில்லாமல் சாப்பாடு நடந்தது. இவளுடையது மூடியே இருந்தது. ஆறு பேர் சேராமல் திறக்கமாட்டார்கள். இவள் ஒருத்திதான்.

"இங்க ஒராள் குறையிது," என்று பக்கத்துப் பாயிலிருந்து ஒரு பெண் கத்தினா. ஐந்து பேர் கையைக் கழுவிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேமிளா எழும்பி ஓடினாள். மூடி திறந்தது.

"மாடில்ல, கோழிதான், பயப்பிடாத," என்றாள் அந்த ஐவரில் ஒருத்தியான றுக்ஷானா.

பிரேமிளா சோற்றில் கை வைக்கவில்லை.

"நான் சோடியம்."

"என்ன?"

"நிறைஞ்ச சஹனை விட்டிட்டு அடுத்தது தொடங்க அதில நான் ஒராள். நீங்கள் குளோரீன். ஒராள் குறைவு. கூப்பிட்ட உடன வந்திட்டன்."

"இங்க ஆறு பேரடி. அங்க எட்டு."

"மாமி எட்டெண்டு சொல்லியிருந்தா எட்டு. எண்ணிக்கை இல்லையடி விசயம். நிறைஞ்சுதா, எத்தினை கூட, எத்தினை குறைய, அதுதான். ஒவ்வொரு ஓடும் நிறைய நிறையப் புது வரிசை. வெளியில ஒரே மாதிரி இருக்கிறதெல்லாம் ஒரே நிரல். ஈலியம் உள்ள இருக்கு, பூச்சுத்தி. அதுக்கு ரெண்டுதான் இடம். பெரிலியத்தின்ர ரெண்டு எட்டுப் பேரின்ர பாயில ரெண்டு பேர். அது நிறையேல்ல."

றுக்ஷானா பிடித்த கவளத்தை வாயில் வைக்காமல் யோசித்தாள்.

"பத்தொன்பதாம் மூலகம்?"

"ரெண்டு, எட்டு, எட்டு, ஒண்டு. சோடியத்துக்குக் கீழ."

"சோடியத்தை விடத் தாக்கம் கூடவா, குறையவா?"

பிரேமிளா முற்றத்தைப் பார்த்தாள். குசினியிலிருந்து ஆகத் தூரத்துப் பாய் வாசல் படலையோடு கிடந்தது. அதில் ஒரு பெண்பிள்ளை தனியே இருந்து, யாராவது கூப்பிடுவார்களா என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கூட. குசினிதான் கருவெண்டால், அதில இருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு சுறுக்கா எழும்பி ஓடும்."

"ரெண்டு பேரும் சாப்பிடுறிங்களா, இல்லாட்டி உங்கட பங்கையும் நாங்க முடிக்கவா?" என்றா கத்திக் கூப்பிட்ட பெண்.

பிரேமிளா சாப்பிட்டாள். பிறகு இனிப்புக்கு வந்த வட்டிலப்பமும் சாப்பிட்டாள். பஸ் வரும்வரை, முற்றத்தில் போகிற வருகிறவர்களையெல்லாம் பெட்டி பெட்டியாக வைத்தாள். யாரோடும் சேராத விழுமிய வாயுக்களின் நிரலில் தன்னை வைத்ததற்கு ஜொஹறா மாமி சந்தோசப்பட்டா. காரணத்தை றுக்ஷானா சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பரீட்சை முடிந்ததும் பிரேமிளா போன் எடுத்தாள்.

"ஈலியம் வந்ததா?" என்றாள் றுக்ஷானா.

"வரேல்ல."

"பிறகு?"

"மற்றதெல்லாம் ஏனெண்டு கேட்டிருந்தாங்கள். எழுதினனான். தந்த தாள் போதாமல் போட்டுது." மூச்சு வாங்கினாள். "கையை உயத்தி இன்னொரு தாள் கேட்டனான். ஹோல் முழுக்கத் திரும்பிப் பாத்தது."