மாதத்துக்கொரு மீன்

கணவன் அப்துல் கையூம் துபாய்க்குப் போன நாளிலிருந்து, மாதம் பிறந்தால் பஷீரா ஒரு மீன் வாங்கித் தொட்டியில் விடுவாள். இரண்டடித் தொட்டியில் இப்போது இருபத்திரண்டு மீன்கள். உப்பளத்து வெளிச்சம் ஜன்னல் வழியே அதில் விழும்போது, கூனிமேட்டு வீடே தண்ணீருக்குள் மெல்ல மிதப்பதுபோல் இருக்கும்.

அன்று மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வீடியோ காலில் காட்டினாள்.

"தண்ணி மாத்தியும் இப்படியே இருக்குதுங்க."

அவன் வெகுநேரம் பார்த்தான். "மூச்சு விட எடம் வேணாமா? பாதிக்கு மேல யாருக்காவது குடுத்துடு. எங்க ரூம் மாதிரியே இருக்குது."

"ரூம்ல ரெண்டே பேர்னு சொன்னீங்க?"

அவனுக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. இத்தனை மாதமும் அந்தச் சுவரை மட்டும்தான் காட்டியிருக்கிறான்.

மறுநாள் பதினாறு மீன்களைத் தெருவில் கொடுத்துவிட்டாள். மிச்சமிருந்த ஆறும் அவசரமில்லாமல் அடிவரை இறங்கின, கனவில் நடப்பவர்களைப்போல. ராத்திரி அவன் கூப்பிட்டதும் போனைத் தொட்டியின் பக்கம் திருப்பினாள்.

"பாத்தீங்களா, எவ்வளவு எடம் கெடக்குது? கிளம்பி வாங்க."