மாமியார் குடியேறிய வீடு

கிமிலிலி ஊரில் என் மாவு அரைக்கும் கடைக்கு எதிர்ச்சாரியில் சிதாத்தி முடிவெட்டும் கடை வைத்திருக்கிறான். வாடிக்கையாளர்கள் பந்தாட்டம் பார்க்கட்டும் என்று சுவர் அகலத்துக்கு ஒரு டிவி மாட்டியிருந்தான். ஆட்டம் நடக்கும் நாளில் பாதி மொட்டையோடு ஒருவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். வெட்டுகிறவனும் ஆட்டத்தில் இருப்பான், வெட்டிக்கொள்கிறவனும் ஆட்டத்தில் இருப்பான்.

அவன் மனைவி நெலிமா, மகள் நாஞ்சலா உயர்நிலைப்பள்ளிக்குப் போக வேண்டும் என்று பெண்கள் சங்கத்தில் வாராவாரம் பணம் போட்டுச் சேர்த்தாள். அந்தப் பணம் கைக்கு வந்ததும் பள்ளியில் கட்டும் பொறுப்பைச் சிதாத்தி ஏற்றுக்கொண்டான். அந்தச் சமயம் பார்த்து முடிவெட்ட வந்த ஒரு கோட்டுக்காரன், "கல்விக் கனி நிதி"யில் போட்டால் நாற்பது நாளில் இரட்டிப்பாகும் என்றான். சிதாத்தி மொத்தத்தையும் அவனிடம் கொடுத்தான். நாற்பது நாள் கழித்துக் கோட்டுக்காரனுடைய போன் அணைந்திருந்தது. போலீஸில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மனைவிக்குத் தெரிவதற்குள் பள்ளிப் பணத்தைக் கட்டிவிடலாம் என்று போனிலேயே கடன் தரும் ஒரு கம்பெனியில் வாங்கினான். அதை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. பள்ளிக்கு ஒரு ஷில்லிங்கும் போகவில்லை. கடன் வாங்கும்போது அவன் போனிலிருந்த எல்லா எண்களையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. தவணை தவறியதும் போதகரைப் போனில் அழைத்தார்கள். கசாப்புக்கடைக்காரரை அழைத்தார்கள். என்னையும் அழைத்தார்கள். கடைசியில் மாமியார் நசாம்புவை அழைத்தார்கள்.

அந்த அம்மா ச்வேலே சந்தையில் அவரைக்காய் விற்கிறவர். அன்று கேழ்வரகு அரைக்க என் கடைக்கு வந்திருந்தார். போனைக் காதில் வைத்துப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கப் பேசுவார்.

"சிதாத்தி உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை. நீ யாரு கண்ணு?"

"முவெந்தே, நைரோபிலேர்ந்து பேசறேன். உங்க மாப்பிள்ளை எங்ககிட்ட கடன் வாங்கிட்டு ரெண்டு மாசமா கட்டலை."

"ரெண்டு மாசந்தானே? எம்பொண்ணைக் கட்டினப்போ அவன் தர்றதாப் பேசின மாட்டுல எனக்கு இன்னும் மூணு வரணும். பதினஞ்சு வருஷமாச்சு. நீ எனக்குப் பின்னாடி நில்லு."

"எங்க வட்டி தினமும் ஏறுதும்மா."

"மாடு மட்டும் சும்மாவா நிக்கும்? வருஷத்துக்கு ஒரு கன்னு போட்டிருந்தா எத்தனை ஆயிருக்கும்? படிச்ச பொண்ணு நீ, கணக்குப் போடு."

போனில் பொத்தான் தட்டும் சத்தம் கேட்டது. உண்மையாகவே கணக்குப் போட்டாள் போலிருக்கிறது.

"நாப்பத்தஞ்சு கன்னும்மா. கன்னுங்க போட்ட கன்னை இன்னும் சேர்க்கலை."

"பாத்தியா. சாப்பிட்டியா நீ?"

பேச்சு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். நான் இயந்திரத்தை ஓடவிட்டு ஒன்றும் கேட்காத மாதிரி நின்றேன். அவரே விசையை அணைத்தார். சிதாத்தி என்னிடம் சொல்லியிருந்ததையெல்லாம் நான் சொல்லிவிட்டேன். கடனைப் பற்றிச் சொன்னபோது சிரித்துக்கொண்டிருந்தவர், நாஞ்சலாவின் பள்ளிப் பணம் என்றதும் சிரிப்பை நிறுத்தினார். மாவு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தன் ஊர்ப் பேருந்துக்குப் போகாமல் மகள் வீட்டுக்கு நடந்தார்.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையும் மாமியாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. கை குலுக்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. சிதாத்தி தூரத்தில் அவரைப் பார்த்ததுமே வாழைத் தோட்டத்துக்குள் பாய்ந்தான். இருட்டிய பிறகு என் கடைக்கு வந்தான்.

"அத்தை எப்பக் கிளம்புவாங்களாம்?"

"கடன் அடைஞ்ச பிறகாம்."

மக்காச்சோள மூட்டைகள் மேல் படுத்துக்கொண்டான். காலையில் புருவம் வரை மாவு.

மறுநாள் அவன் வீட்டு முற்றத்தில் பஞ்சாயத்து. அந்த அம்மா உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவன் வேலிக்கு வெளியே தெருவைப் பார்த்து நின்றான். நடுவில் நான். இருவர் பேசுவதும் இருவருக்கும் நன்றாகவே கேட்டது. இருந்தாலும் ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"அத்தைகிட்ட சொல்லு, ரெட்டிப்பாகும்னு அந்த ஆள் சத்தியம் பண்ணினான்."

"மாப்பிள்ளைகிட்ட கேளுப்பா, எது ரெட்டிப்பாகும்? உன் மாவுக் கடையில மூட்டையா அரைக்கக் குடுத்தாலே குறைஞ்சுதானே வருது?"

இதை நான் திருப்பிச் சொல்லவில்லை.

நெலிமா அடுப்படியிலிருந்து வந்தாள். "பணம் போனதுக்கு அழுதாச்சு. எங்கிட்ட மறைச்சியே, அதுக்குத்தான் இன்னும் அழுகை வருது," என்றாள். அதைத் திருப்பிச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. சிதாத்தி வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்தான்.

அன்றைக்கே டிவி விலை போனது. அந்தப் பணத்தில் சின்னக் கடன்கள் இரண்டையும் முதலில் தீர்த்தார்கள். புதுக்கடன் எதுவும் வாங்குவதில்லை என்று நெலிமா அவன் போனைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். பெரிய கடனுக்காக முவெந்தேயோடு நசாம்பு தினமும் பேசினார். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு முழங்கால் வலி, அவளுக்குச் சம்பளம் பாக்கி, எல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. ஒருநாள் அவளே மேலாளரிடம் கேட்டு அபராதத்தைத் தள்ளுபடி செய்ய வைத்தாள்.

சிதாத்தி ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தான். ஆட்டம் இல்லாததால் வேலை வேகமாக நடந்தது, வருமானமும் கூடியது. என் மூட்டைகள் மேல் படுத்து முதுகு பிடித்துக்கொண்டது வேறு அவனை விரட்டியது. கடன் தீர்ந்தது. பள்ளியின் முதல் தவணைக்குச் சங்கத்துப் பெண்கள் வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுத்தார்கள். பணத்தை அவன் கையில் தராமல் நேராகப் பள்ளியிலேயே கட்டினார்கள். நாஞ்சலா தாமதமாகத்தான் சேர்ந்தாள், ஆனால் சேர்ந்தாள்.

விடுதிப் பள்ளிக்கு அவள் கிளம்பிய நாளில் தகரப்பெட்டியைச் சிதாத்தி தலையில் சுமந்து வந்தான். சாலைக்கு அந்தப் பக்கம் பாட்டி, இந்தப் பக்கம் அப்பா. அப்போது நெலிமாவின் இடுப்பில் போன் அடித்தது. அவள் எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"வாழ்த்துகள் சார், உங்களுக்கு ஒரு பெரிய கடன் தயாரா இருக்கு," என்றது ஒரு குரல்.

சிதாத்தி மரியாதையாக முழுவதையும் கேட்டான். "ஒரு நிமிஷம் தம்பி, வீட்டுப் பெரியவங்ககிட்ட தரேன்," என்று சொல்லிப் போனை மகளிடம் கொடுத்தான். அவள் சாலையைக் கடந்து பாட்டியிடம் கொடுத்தாள்.

நசாம்பு போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "சொல்லு கண்ணு. கல்யாணம் ஆயிடுச்சா உனக்கு?"

பேருந்து வந்து, பெட்டியை ஏற்றி, நாஞ்சலா ஜன்னலில் கையசைத்துப் போய்விட்டாள். அந்தப் பையன் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.