இருபது அடி பைப்

சாலை பஜாரில் தங்கபாண்டி அண்ணாச்சியின் இரும்புக் கடைக்காகப் பொன்செல்வி பிஹெச்பி என்ற கணினி மொழியில் எழுதிக்கொண்டிருந்த இணையதளம் முக்கால்வாசி முடிந்திருந்தது. ஓணத்துக்கு முன் திறப்பதாகப் பேச்சு. படிப்பு முடிந்து அவள் தனியாக ஏற்றுக்கொண்ட முதல் வேலை அதுதான். அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தெருத் துணிக்கடையின் தளத்துக்குள் எவனோ புகுந்து வாடிக்கையாளர்களின் போன் நம்பர்களை வாரிக்கொண்டு போய்விட்டான். அண்ணாச்சி உடனே அவளை அழைத்தார்.

"அவங்களுதும் பிஹெச்பியாம். நீ எழுதுறதும் அதானே? எனக்கு இந்த பாஷையெல்லாம் தெரியாது. பத்திரமான பாஷையில எழுது, இல்லேன்னா சைட்டே வேண்டாம், கேட்டியா."

நகரத்தின் ஓரத்துக் கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் சுமந்திடம் யோசனை கேட்டாள். கல்லூரித் தோழன். ரஸ்ட் என்னும் கணினி மொழிக்கு மாறிவிடு என்று அவன் ஒரே போடாகப் போட்டான். அவன் விவரிக்க விவரிக்க, ரஸ்ட் என்பது அகழியும் கோட்டையும் கொண்ட தூர தேசம் போல அவள் கண்ணில் விரிந்தது. ஆசையாகத்தான் கிளம்பினாள். ஆனால் எல்லைச் சாவடி அதிகாரி மாதிரி அந்த மொழி அவள் எழுதிய வரியையெல்லாம் திருப்பித் திருப்பி அனுப்பியது. இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்குக்கூட முடியாது. இதற்குள் பட்டம் பகுதியிலிருந்து வேறொரு கம்பெனிக்காரன், தளத்தைத் தாங்களே செய்து தருவதாக அண்ணாச்சியைப் பார்த்துப் பேசிவிட்டுப் போயிருந்தான்.

ஓணத்துக்கு முடியாது, வேலையை அந்தக் கம்பெனிக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அவள் மடிக்கணினியோடு கடைக்குப் போனாள். வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பழைய பிஹெச்பி தளமே திறந்து கிடந்தது. தேடும் கட்டத்தில், பில்லில் எழுதுகிற பழக்கத்திலேயே, 20' பைப் என்று தட்டினார். இரும்புக் கடைக்காரர்கள் அடி என்று எழுதுவதில்லை. எண்ணின் தலையில் ஒரு சின்னக் கோடு போட்டால் அடி, இரண்டு போட்டால் இஞ்சு.

திரை வெளுத்தது. பிறகு பிழைச் செய்தி வரிவரியாக இறங்கியது.

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். அவளோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் ஆணி, கீல், பூட்டு என்றுதான் தேடிப் பார்த்திருக்கிறாள். அளவு போட்டுப் பார்த்ததே இல்லை. சரக்கு விவரங்களை வைத்திருக்கும் தரவுதளத்துக்கு அந்தச் சின்னக் கோடு என்றால் சொல் முடிந்தது என்று பொருள். அதற்குப் பின்னால் வருவதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அண்ணாச்சி பைப் என்று எழுதியதால் அது புரியாமல் விழித்தது. திருடன் அந்த இடத்தில், எல்லா நம்பரையும் கொடு என்று எழுதியிருந்தால் கொடுத்திருக்கும். வாடிக்கையாளர் தட்டும் சொல்லைத் தன் கட்டளையோடு சேர்த்துத் தைத்தவள் அவளேதான்.

சுமந்துக்குப் போன் செய்து, ரஸ்டில் இதே மாதிரி தைத்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"அதிலயும் இதே கதிதான். கட்டளைய வேற, சொல்ல வேற கொடுக்கணும்னு செகண்ட் இயர்ல படிச்சதல்லே? நீ அன்னைக்கு பெஞ்சுக்கடியில நாவல் வாசிச்சிட்டிருந்திருப்ப."

அப்படித்தான் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கும் வழி பிஹெச்பியில் வெகுகாலமாகவே இருக்கிறது. பெயிண்ட் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்து, ஆட்கள் எழுதக்கூடிய ஒவ்வொரு கட்டத்தையும் தேடித் தேடி மாற்றினாள். மறுபடி கோடு போட்டுத் தட்டினாள். தளம் அதை வெறும் அடியாக மட்டும் எடுத்துக்கொண்டு, இருபது அடி பைப்புகளை வரிசையாகக் காட்டியது. பொன்முடி மலையிலிருந்து இறங்கும் பஸ் கடைசி வளைவைத் தாண்டியதும் காதடைப்பு விட்டு உலகம் கேட்குமே, அப்படிச் சாலை பஜாரின் இரைச்சல் மொத்தமும் அவளுக்குக் கேட்டது.

"அப்போ பாஷை மேல குத்தமில்ல?" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. நான் எழுதுன விதத்துலதான். இனியும் அப்பப்போ பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"நல்லதாப் போச்சு. பாஷைய மாத்தினா ஓணம் போயிரும். ஆள மாத்த ஒரு போன் போதும்." சிரிக்காமல்தான் சொன்னார். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு சிரித்துவிட்டார். "ஓணத்துக்கு சைட் திறப்புன்னு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திரட்டுமா?"

"கொடுத்திருங்க," என்றாள் பொன்செல்வி.