வீட்டில் எத்தனை பேர்

டெஸ்ஸியின் வெள்ளைக் கவுன் துவைத்து எடுத்தபோது ஆரஞ்சு நிறத்தில் வந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவளுடைய அம்மா டெனீஸுக்கு அப்படி இல்லை. கவுனைச் சமையலறை நாற்காலியில் விரித்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய மாமனார் வெர்லின் கண்டும் காணாதவர் போலக் காபி குடித்தார். கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாத சங்கதியா? பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீர்தான். குளியல் தொட்டியில் துருக்கறை, கெட்டிலுக்குள் சுண்ணாம்பு, குழாயைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில் விவசாய வீடு என்றால் இதெல்லாம் சீதனம் மாதிரி கூடவே வரும். அவர் மனைவி லவோன் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டுக்கு ஒரு வெள்ளைத் துண்டுகூட வாங்கியதில்லை. துண்டு, விரிப்பு, சட்டை எல்லாம் பழுப்பு நிறத்திலேயே வாங்கினாள். அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று இரண்டு பேரும் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டார்கள்.

அன்று மத்தியானம் டெனீஸ் மாடியில் தன் கணவனிடம் பேசியது அவர் காதில் விழுந்தது. அவர் ஒட்டுக் கேட்கவில்லை. கீழ்வீட்டு அனல் மேலே ஏறுவதற்காக மாடித் தரையில் ஓர் இரும்புச் சல்லடை உண்டு. அனல் மேலே போகும், பேச்சு கீழே வரும்.

"காத்து, குளிரு, கூப்பிடு தூரத்துல ஒரு ஈ காக்கா இல்லாதது, எல்லாத்தையும் பொறுத்துக்கறேன் கென்ட். இந்தத் தண்ணிய மட்டும் முடியல. பிள்ளை முழங்கையப் பாரு, சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வருது. இந்தத் தண்ணியோட என்னால இங்க குடியிருக்க முடியாது."

"சரி, பாக்கலாம்" என்றான் கென்ட். அவன் வெர்லினின் ஒரே மகன். எந்தக் கேள்விக்கும் பாக்கலாம் என்பதுதான் அவன் பதில். அதை அவன் அப்பாவிடமிருந்துதான் கற்றுக்கொண்டான்.

அவர்கள் நியூ ஜெர்சியிலிருந்து கோடை விடுமுறைக்கென்று வந்தவர்கள். வந்த இடத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கென்டுக்குக் கணக்கு வாத்தியார் வேலை தருவதாகச் சொன்னார்கள். இருப்பதா, திரும்பிப் போவதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஒருவேளை இருக்க நேர்ந்தால் என்று டெனீஸ் வரவழைத்த அட்டைப் பெட்டிகள் ஒட்டிய நாடாவைப் பிரிக்காமல் நிலவறை மூலையில் அடுக்கியபடியே இருந்தன. லவோன் போன பிறகு வெர்லினோடு அந்த வீட்டில் பேசியது வானொலி மட்டும்தான். இப்போது காலையில் படியில் தடதடவென்று சின்னக் கால்கள் இறங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றுபோனால் தன்னால் தாங்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்வது எப்படி என்றுதான் தெரியாது.

தண்ணீரை மாற்றலாமே. அது வாயால் ஆகிற காரியம் இல்லை.

மறுநாள் ஊருக்குள் போய்ச் சாமான் கடையில் நின்றார். ஒரு சுவர் நிறையத் தொட்டிகள். சுண்ணாம்பை எடுக்கும் சாஃப்ட்னர் ஒரு வகை, இரும்பையும் வாடையையும் வடிகட்டும் ஃபில்டர் இன்னொரு வகை, இரண்டையும் ஒன்றாகச் செய்வது மூன்றாவது வகை. ஒவ்வொரு பெட்டியிலும் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. டிராக்டர் எஞ்சினைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிற மனுஷனுக்கு அங்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காபிக் கடைக்குப் போய் விசாரித்தது அதைவிடத் தப்பு. ஒருவர் சேர்ந்தது வேண்டாம் என்றார், இன்னொருவர் தனித்தனி வேண்டாம் என்றார், மூன்றாமவர் எதுவுமே வேண்டாம், தண்ணீரில் இரும்பு இருந்தால் உடம்புக்கு நல்லது என்றார். கடைசியில் வெர்லின் ராலிக்குப் போன் போட்டார். பள்ளிக்கூடத்தில் பக்கத்து இருக்கை. இப்போது வீடு வீடாகப் போய்த் தண்ணீர் எந்திரம் வைத்துக் கொடுக்கிறவர்.

ராலி வந்து தொப்பியைக் கழற்றியதும் வெர்லின் கேட்டார்:

"காபி குடிக்கிறியா?"

"ஐயோ, வேண்டாம்ப்பா. இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்."

"போட்டு வச்சது இருக்கு. ஒரு வாய்?"

"உனக்கெதுக்குச் சிரமம்?"

"அரைக் கோப்பையாவது குடியேன்."

"சரி, இவ்வளவு சொல்ற. கொஞ்சமா ஊத்து."

ராலி இரண்டு கோப்பை குடித்தார், ருபார்ப் கேக்கும் இரண்டு துண்டு சாப்பிட்டார். டெனீஸ் கையைக் கட்டிக்கொண்டு இந்த நாடகத்தைப் பார்த்தாள்.

"வேணும்னா வேணும்னு சொல்றதுக்கு உங்க ஊர்ல ஏதாவது அபராதம் போடுவாங்களா?"

இரண்டு கிழவர்களும் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் முதல் தடவை கேட்பது மரியாதைக்கு, இரண்டாவது பாசத்துக்கு. மூன்றாவது தடவை கேட்டால்தான் உண்மையான பதில் வரும். அதற்கு முன்னால் வேண்டும் என்று சொல்கிறவனைப் பறக்காவெட்டி என்பார்கள். டெனீஸ் ஊரில் ஒரு தடவைதான் கேட்பார்கள். வந்த முதல் வாரம் அவள், "இன்னும் கொஞ்சம் லசான்யா போடவா?" என்றாள். வெர்லின், "வேண்டாம்மா" என்றார். அவள் பாத்திரத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். மனுஷன் அன்று கராஜில் ஒளிந்து நின்று பிஸ்கெட் தின்றார்.

ராலி ஒரு குப்பியில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துச் சோப்புத் துளி விட்டுக் குலுக்கினார். நுரைக்குப் பதில் பால் திரிந்த மாதிரி ஏதோ மிதந்தது. "இதுலயா பிள்ளையக் குளிப்பாட்டறீங்க?" என்றார்.

"இத மாத்தினா தோல் சரியாயிடுமா?" டெனீஸ் நேராகக் கேட்டாள்.

"ஆகலாம். சில பேருக்கு ஆகுது, சில பேருக்கு ஆகறதில்ல. கறை போகும், வாடை போகும், அதுக்கு நான் பொறுப்பு. தோலுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா."

பிறகு எல்லோரும் நிலவறைக்கு இறங்கினார்கள். ராலி இடத்தை அளந்து உதட்டைப் பிதுக்கினார். "இங்க இருக்கற இரும்புக்கு ரெண்டு தனித்தனியா வைக்கறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. அந்தப் பெட்டியெல்லாம் நகத்தினா இடம் தாராளமா இருக்கும்."

வெர்லினுக்குத் திக்கென்றது. நகர்த்தினால் எங்கே நகர்த்துவது? மாடிக்கா, காருக்கா? அந்தக் கேள்வியை அவர் இப்போது எழுப்பத் தயாராக இல்லை.

"பெட்டிய யாரும் தொட வேண்டாம். சேர்ந்து ஒண்ணா இருக்கறதையே வை" என்றார். ஊர்க்காரர்கள் வாயைப் பிளக்கும்படி முதல் தடவையிலேயே சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அந்த வீட்டுக்குக் கூட்டு எந்திரம் வந்தது. நெட்டையாக ஒரு தொட்டி, உள்ளே சுண்ணாம்பைப் பிடிக்கிற மணிகளும் இரும்பையும் வாடையையும் பிடிக்கிற கரியும். பக்கத்தில் உப்புப் போட ஒரு குட்டைத் தொட்டி. எந்திரம் இரவில் தன்னைத் தானே உப்புத் தண்ணீரில் கழுவிக்கொள்ளும். எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவ வேண்டும் என்பதற்கு அதனிடம் ஒரு கணக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

ராலி அதன் தலையிலிருந்த பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, "வீட்ல எத்தனை பேர்?" என்று கேட்டார்.

டெனீஸ் வாயைத் திறப்பதற்குள் வெர்லின் சொன்னார்: "நாலு."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

தண்ணீர் மாறிவிட்டது. வாடை போயிற்று, குளியல் தொட்டி வெளுத்தது. டெஸ்ஸி குளித்தால் நுரை கூரையைத் தொட்டது. வெர்லினுக்கு மட்டும் எவ்வளவு கழுவினாலும் சோப்பு போகாத மாதிரி உடம்பெல்லாம் வழுவழுவென்று இருந்தது. விலாங்கு மீனாகிவிட்டேன் என்று பேத்தியிடம் சொன்னார், அவள் அதற்கு ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள். பிள்ளையின் முழங்கையும் மெல்ல ஆறியது. டெனீஸ் ஒரு காலையில் அவரைக் கட்டிப்பிடித்து, "தேங்க்ஸ், வெர்லின்" என்றாள். அவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டபடி நின்றார். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கும்போதெல்லாம் பெட்டிகளைப் பார்ப்பார். ஒன்றாவது பிரிந்திருக்கிறதா? இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு பகல். கென்ட் வேலை விஷயமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான். வெர்லின் குட்டைத் தொட்டியில் உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தபோது டெனீஸ் படியிறங்கி வந்து, அந்தப் பெட்டிகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"நான் முன்னாடி வேலை பாத்த ஆஸ்பத்திரியில திரும்பக் கூப்பிடறாங்க. இன்னிக்குப் பதில் சொல்லணும். கென்ட்கிட்ட கேட்டா உன் இஷ்டம்ங்கறான். அவன் எதுக்குமே அப்படித்தான், உங்களுக்கே தெரியும். அதான் உங்ககிட்டயே கேக்கறேன். நாங்க இங்கயே இருக்கணும்னு நீங்க ஆசைப்படறீங்களா?"

எத்தனை வாரமாகக் காத்திருந்த கேள்வி. ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவர் மூட்டையின் வாயைச் சுருட்டினார்.

"என்னப் பத்தி நீ கவலைப்படாதம்மா. எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். உங்களுக்குன்னு ஒரு வாழ்க்கை இருக்கு."

இது முதல் பதில். அவள் இன்னொரு தடவை கேட்பாள், அப்போது கொஞ்சம் இளகலாம். மூன்றாவது தடவை கேட்கும்போது சொல்லிவிடலாம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் முகம் வாடியதை அவர் பார்க்கவில்லை.

"மனசுல பட்டதச் சொன்னதுக்கு நன்றி" என்றாள். எழுந்து மேலே போய்விட்டாள்.

அவர் மூட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவள் இந்த ஊர்க்காரி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. படி வரைக்கும் போனார். போய் என்ன சொல்வது? சொன்னதைத் திருப்பி வாங்குவதா? கேட்காத இடத்தில் போய், இருங்கள் என்று கெஞ்சுவதா? அவர் அப்பா செய்ததில்லை, தாத்தா செய்ததில்லை. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நின்றவருக்கு மேலே அவள் போனில் பேசுவது கேட்டது. "ஆமா, வந்துடறோம்" என்றாள்.

சாயங்காலம் கென்ட் நிலவறைக்கு வந்தான். அப்பாவும் மகனும் எந்திரத்துக்கு இரண்டு பக்கமும் நின்று அதையே பார்த்தார்கள்.

"டெனீஸ் கேட்டாளாம். போங்கன்னு சொன்னீங்களாம்."

"நல்ல வேலையாமே."

"நல்ல வேலைதான்." கென்ட் தொண்டையைச் செருமினான். "நிஜமாவே உங்களுக்குப் பரவாயில்லயாப்பா?"

இரண்டாவது தடவை. வெர்லினுக்கு உயிர் வந்தது. இவன் நம்ம பிள்ளை, இவனுக்குத் தெரியும். இன்னும் ஒரே ஒரு தடவை கேளுடா.

"பரவாயில்லப்பா. நீங்க சந்தோஷமா இருந்தாச் சரி" என்றார், முறைப்படி.

கென்ட் வாயைத் திறந்தான். அவனுக்கும் ஏதோ கேட்க வேண்டியிருந்தது. ஆனால் அவனும் ஊரைவிட்டுப் போய்ப் பதினாறு வருஷம் ஆகிவிட்டது. அங்கே ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான். அதோடு தன் அப்பா தன்னை இருக்கச் சொல்லவில்லை என்கிற வருத்தம் வேறு அவனுக்கு.

"உப்பு எவ்வளவு நாளைக்கு வரும்?" என்று கேட்டான்.

"நாலு பேருக்கு ஒரு மாசம்" என்றார் வெர்லின்.

அவர்கள் போன அன்று எங்கள் வழக்கப்படி வீட்டு வாசலில் ஒரு தடவை, கார் கதவருகே ஒரு தடவை, கார் கண்ணாடியில் குனிந்து ஒரு தடவை என்று விடைபெற்றார்கள். ஒவ்வொரு தடவையும் வெர்லின் காத்திருந்தார். டெனீஸ் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கென்ட் மழை வரும் போலிருக்கிறது என்றான். டெஸ்ஸி, "தாத்தா, விலாங்கு மீன்!" என்று கத்தினாள். அவர் கையை ஆட்டினார். கார் சோளக்கொல்லைக்குப் பின்னால் மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் ராலி எந்திரத்தைச் சோதிக்க வந்தார். காபிச் சடங்கு முடிந்தது. நிலவறைக்கு இறங்கியதும் காலியான மூலையைப் பார்த்தார். இரண்டு என்ன, மூன்று தொட்டி வைக்கலாம். உப்புத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"உப்பு நிறையக் கரையுதே. யாருக்காக இது இப்படிக் கழுவிக்கிட்டே இருக்கு?" என்றார். பொத்தானருகே விரலைக் கொண்டுபோனார். "நாலுன்னுல்ல இருக்கு. ஒண்ணுன்னு மாத்திடவா?"

"இருக்கட்டும் ராலி. உனக்கெதுக்குச் சிரமம்?"

"சிரமம் என்ன, ஒரு அமுக்கு. மாத்திடவா?"

"வேண்டாம்ப்பா. ஓடிட்டுப் போகட்டும்."

வெர்லின் எந்திரத்தின் மேல் கையை வைத்தார். இன்னொரு தடவை கேட்டுவிடாதே என்று மனசுக்குள் மன்றாடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் தன்னை மூன்றாம் முறை கேட்கக் கூடாது என்று நினைத்தார்.

ஆனால் ராலி இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே வளர்ந்தவர். கூடப் படித்தவனை இரண்டாம் கேள்வியோடு விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. வெர்லினின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மெதுவாகக் கேட்டார்.

"நிஜமாத்தான் கேக்கறேன் வெர்லின். மாத்திடவா?"

வெர்லின் கையை எடுத்தார்.

"சரி" என்றார். "மாத்திடு."