முப்பதாம் நம்பர் எண்ணெய்

ஜாலான் புசார் தெருவில் கார் உதிரிபாகக் கடையின் மேசைமேல் இரண்டு எஞ்சின் எண்ணெய் டின்கள் இருந்தன. இரண்டிலும் முப்பது என்று போட்டிருந்தது. செல்லக்கண்ணு புது ரக டின்னை எடுத்தான். ஒலி முகம்மது அதை வாங்கித் திரும்பவும் மேசைமேல் வைத்தார்.

“அது வேணாம். அந்த வண்டிக்குப் பழசுதான்.”

“நம்பர் ஒண்ணுதானே பாய்?”

“நம்பர் தடிமனுக்குத்தான். இது கழுவுற எண்ணெய். உள்ள படிஞ்சிருக்கிற கசடையெல்லாம் கிளப்பிவிட்டுரும்.”

“கிளப்பட்டுமே. சுத்தமாயிடும்ல?”

“இத்தனை வருஷக் கசடு. கிளம்பி எங்க போகும், சொல்லு.”

செல்லக்கண்ணு புது டின்னைத் திருப்பிப் பார்த்தான். ஒலி முகம்மது அந்த பென்ஸ் காரை முன்பு ஓட்டியவர். ஊருக்குத் திரும்பிய ஒரு ஜெர்மன் வியாபாரியிடமிருந்து கட்டட ஒப்பந்தக்காரர் அழகப்பன் அதை வாங்கிய நாள்முதல் ஓட்டினார். பார்வை மங்கியதும் மைத்துனரின் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். சாவி செல்லக்கண்ணுவிடம் வந்து ஓராண்டு ஆகப்போகிறது. இன்னமும் பாய் வாய் திறந்தால் ‘என் வண்டி’ என்றுதான் வரும்.

“ஊத்தித்தான் ஆகணும்னா அடித்தொட்டியைக் கழட்டு. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவு. அப்புறம் ஊத்து. ஒரு நாள் வேலை.”

“ஒரு நாள் வண்டி நின்னா முதலாளி விடுவாரா? வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு வேற.”

“அப்ப பழசையே ஊத்திக்கிட்டுப் போ. என் வண்டிய எனக்குத் தெரியாதா?”

அந்தச் சொல் இல்லாமலிருந்தால் அவன் பழசையே வாங்கியிருப்பான்.

“இப்ப ஓட்டுறது நான் பாய்,” என்றான். புது டின்களை வாங்கிக்கொண்டு போனான்.

*

வெள்ளிக்கிழமை அவன் தங்கை அன்னம்மாவுக்கு மாப்பிள்ளை அழைப்பு. மறுநாள் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் முகூர்த்தம். பரிசம் போட்ட அன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் இராமசாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஒரு தொழிலாளர் கூட்டத்தையே மேய்ப்பவர். கேட்பது கட்டளை போலத்தான் இருக்கும்.

“எங்க பையன் டாக்சியில வந்து இறங்க மாட்டான்.”

“பென்ஸ்ல வருவார் மாமா,” என்று சொல்லிவிட்டான் செல்லக்கண்ணு. சொன்ன பிறகுதான் அழகப்பனிடம் கேட்டான்.

அழகப்பன் காரை ஒருமுறை சுற்றி வந்தார். அந்தக் காரை அவர் தம் தம்பிக்குக்கூடக் கொடுத்ததில்லை.

“நீ ஓட்டுறதா இருந்தா எடுத்துக்க,” என்றார் கடைசியில். “எப்படிக் குடுத்தேனோ அப்படி வரணும்.”

அதனால்தான் எண்ணெய் மாற்றினான். ஊர்வலத்தில் கார் ஆள் நடக்கும் வேகத்தில் போகும். காற்று படாது. எஞ்சின் கொதிக்கும். இருப்பதில் நல்ல எண்ணெய் வேண்டும் என்று நினைத்தான். தொட்டியைக் கழுவாமல் ஊற்றிய புது எண்ணெய் சீக்கிரமே கறுத்தது. அளவுக்கம்பியைத் துணியில் துடைத்து அந்தக் கறுப்பைப் பார்த்தபோது அவனுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அழுக்கு வெளியே வருகிறது. பாய்க்கு இத்தனை வருஷம் தோன்றவில்லை.

*

டன்லப் தெருவில் உறவினர் வீட்டு வாசலில் மாப்பிள்ளை தங்கவேலுவுக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு, கையைப் பிடித்துக் காரில் ஏற்றினான் செல்லக்கண்ணு. பெண்ணின் அண்ணன் செய்ய வேண்டிய முறை அது. முறையை முடித்துக்கொண்டு முன்னால் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முன்னே நாதஸ்வரம், தவில். இருபுறமும் கேஸ் விளக்கு தூக்கிகள். காரை ஒட்டி, கதவின்மேல் கை வைத்தபடி இராமசாமி நடந்தார். பின்னால் மாப்பிள்ளையின் துறைமுகக் கூட்டாளிகள் வேட்டி கட்டத் தெரியாமல் கட்டி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள்.

சிராங்கூன் ரோட்டில் திரும்பியதும் மேளம் நின்று வாசித்தது. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். வாசித்து முடித்து நகர்ந்தது. அடுத்த முக்கில் மறுபடி நின்றது. எங்கே நின்றாலும் மாப்பிள்ளை இறங்கக் கூடாது. கோயில் வாசலில் ஆரத்தி எடுத்த பிறகுதான் கால் தரையில் படலாம்.

செல்லக்கண்ணு எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தான். கொஞ்சம் இறங்கியிருந்தது. எஞ்சின் சூடானால் இறங்கும்தான். பார்வையை ரோட்டுக்குக் கொண்டுபோனான்.

மூன்றாவது முறை மேளம் நின்றபோது முள் பாதிக்கும் கீழே கிடந்தது.

கிளட்சை மிதித்து ஆக்சிலேட்டரை அழுத்தினான். எஞ்சின் உறுமியது. முள் ஏற வேண்டும். ஏறவில்லை.

“என்னப்பா, பறக்கப் போறியா?” என்றார் இராமசாமி ஜன்னல் வழியாக.

“இல்ல மாமா.”

இன்னொரு முறை அழுத்திப் பார்த்தான். முள் அசைந்து, இன்னும் இறங்கியது. கிளம்பி எங்க போகும் என்று பாய் கேட்டதற்கு இப்போது பதில் தெரிந்தது. கசடு முழுவதும் அடித்தொட்டி வடிகட்டியின் வாயில் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. தொட்டியில் எண்ணெய் இருக்கிறது. மேலே போக வழி இல்லை. தவில் ஓய்ந்த ஒரு கணத்தில் எஞ்சின் மூடிக்கு அடியிலிருந்து டக்டக்கென்று உலர்ந்த சத்தம் வந்தது.

கோயில் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. இந்த வேகத்தில் அதுவரை எஞ்சின் தாங்காது. தாங்கினாலும் தாங்கலாம். அந்தத் ‘தாங்கலாம்’ அவனை இன்னொரு கடைத் தூரம் இழுத்துக்கொண்டு போனது. 

முள் அடிக்கோட்டைத் தொட்டது.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

கார் ஓசையில்லாமல் இரண்டடி உருண்டு நின்றது. மேளக்காரர்கள் தெரியாமல் முன்னே போனார்கள். இராமசாமி குனிந்தார்.

“ஏன் நிக்குது?”

“நிக்கல மாமா. நான்தான் அணைச்சேன். எண்ணெய் ஏறல. இதுக்கு மேல ஓட்டினா எஞ்சின் இறுகிப் பிடிச்சுக்கும்.”

“மாப்பிள்ளை கார் நடுரோட்டுல நின்னா என்ன அர்த்தம் தெரியுமா உனக்கு? ஸ்டார்ட் பண்ணு.”

“முடியாது மாமா.”

“கோயிலு அந்தா தெரியுது. அதுவரைக்கும் ஓடட்டும். அப்புறம் பிடிச்சா பிடிக்கட்டும். உன் காரா அது?”

“என் கார் இல்ல. அதனாலதான்.”

இராமசாமியின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். அவர் கத்தியிருந்தால் தேவலை.

“இப்பவே ஒரு வார்த்தை சொன்னேன்னா பையனை இறக்கிக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். அங்க கோயில்ல உன் தங்கச்சி காத்துக்கிட்டு உக்காந்திருக்கு. உனக்கு வண்டி பெரிசா, அது பெரிசா?”

செல்லக்கண்ணுவின் விரல்கள் சாவியில் இருந்தன. திருப்பினால் போதும். அன்னம்மாவுக்கு அவன் செய்ய வேண்டியது அவ்வளவுதான். சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டான்.

“தப்பு என்னோடது மாமா. எண்ணெயை மாத்தினது நான். தங்கச்சி மேல அதை ஏத்தாதீங்க.”

பின் சீட்டில் மாலை சரசரத்தது.

“மச்சான்,” என்றான் தங்கவேலு. “அணைச்சா பிரேக் பிடிக்குமா?”

“பிடிக்கும் மாப்பிள்ளை.”

“அப்ப என்ன? நடக்குற வேகம்தானே. நம்ம பசங்க பின்னால சும்மாதான் வர்றானுங்க. மூட்டை தள்ளுறவனுங்களுக்கு இது ஒரு பாரமா?” பிறகு தாய்மாமனைப் பார்த்தான். “மாமா, நான் இறங்கினாத்தான் ஊர் பேசும். மேளம் தூரமாப் போவுது. நீங்க போய் நிப்பாட்டி வாசிக்கச் சொல்லுங்க.”

இராமசாமி மருமகனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் முன்னே போகவில்லை; ஒருவனை மேளத்தை நோக்கி விரட்டிவிட்டுக் காரின் பின்பக்கம் போனார்.

“வேட்டிய மடிச்சுக் கட்டுங்கடா,” என்ற குரல் கேட்டது. “மெல்ல. நான் சொல்றப்ப விடணும்.”

கார் நகர்ந்தது.

ஓட்டும்போது இல்லாத பயம் இப்போது வந்தது. பின்னால் தள்ளுகிறவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. மேளம் எந்த முக்கிலும் சட்டென்று நிற்கும். காரின் கனம் முழுவதும் தவில்காரரின் முதுகை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. செல்லக்கண்ணு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினான். கை தாழ்ந்தால் இராமசாமி “விடு” என்பார். உயர்ந்தால் “தள்ளு”. ஒரு முறை கூட்டத்தில் கை தெரியாமல் போனது. பிரேக்கை முழுப்பலத்தோடு மிதித்தான். தவில்காரரைத் தொட ஒரு முழம் இருக்கையில் கார் நின்றது. தவில்காரர் திரும்பிப் பார்த்து, வாசிப்பதை நிறுத்தாமல் சிரித்தார்.

*

கோயில் வாசலில் அழகப்பன் நின்றிருந்தார். பட்டு ஜிப்பா. தம் கார் சத்தமில்லாமல் வருவதையும், அதன் பின்னால் ஆட்கள் குனிந்திருப்பதையும் பார்த்தார். ஆரத்தி முடிந்து மாப்பிள்ளை இறங்கி உள்ளே போகும்வரை காத்திருந்தார். பிறகு எஞ்சின் மூடிமேல் கை வைத்தார்.

“என்ன ஆச்சு?”

“எண்ணெய் மாத்தினேன் ஐயா. கழுவாம ஊத்திட்டேன். வடிகட்டி அடைச்சிருக்கும்.”

“மாத்தச் சொன்னேனா?”

“இல்லைங்க ஐயா.”

போக்குவரத்துக் காவலர் வந்து காரை எடுக்கச் சொன்னார். பின்னால் பஸ் நின்றது.

“ஸ்டார்ட் பண்ணி ஓரங்கட்டு,” என்றார் அழகப்பன்.

“வேணாங்க ஐயா. தள்ளிடறோம்.”

“நாலு அடிதான்பா.”

“நாலு அடியும் வேணாம்.”

அழகப்பன் கையை நீட்டினார். செல்லக்கண்ணு சாவியை அந்தக் கையில் வைத்தான். பஸ் ஹார்ன் அடித்தது. அவர் சாவியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு அதை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு, காரின் பின்பக்கம் போய் நின்றார்.

“பிடிங்கப்பா,” என்றார் துறைமுகத்து ஆட்களிடம்.

*

திருமணம் முடிந்து, திங்கட்கிழமை அடித்தொட்டியைக் கழற்றினார்கள். ஒலி முகம்மது தடவிப் பார்த்தே வேலை செய்தார். வடிகட்டி கறுப்புக் களிமண் உருண்டையாக வந்தது. அதை அவர் செல்லக்கண்ணுவின் உள்ளங்கையில் வைத்தார். 

எஞ்சின் பேரிங்கைத் துடைத்து விரல் நகத்தால் கீறிப் பார்த்தார். அழகப்பன் பக்கத்தில் குனிந்தார்.

“தப்பிச்சிருக்கு,” என்றார் பாய். “இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா இல்ல.”

அன்று முழுவதும் மண்ணெண்ணெயில் கழுவினார்கள். தொட்டியின் உலோகம் வெள்ளையாகத் தெரிந்தது. மாலையில் மாட்டி முடித்ததும் பழசும் புதுசுமாக இரண்டு டின்கள் பக்கத்தில் வந்து நின்றன.

“எதை ஊத்துறது?” என்று கேட்டார் அழகப்பன், பாயைப் பார்த்து.

“ஓட்டுறவன்கிட்ட கேளுங்க,” என்றார் பாய்.

அழகப்பன் திரும்பினார். சாவி இன்னும் அவர் பையில்தான் இருந்தது. இதற்கும் தப்பாகச் சொன்னால் அது அங்கேயே இருந்துவிடும். பழைய டின்னைக் காட்டினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பாய்க்கும் அதுதான் பிடிக்கும். செல்லக்கண்ணு கழுவிய தொட்டியை நினைத்துக்கொண்டான். உள்ளே கிளப்ப இனி எதுவும் இல்லை.

“புதுசு,” என்றான்.

 பாய் உளியை எடுத்துப் புது டின்னின் மூடியில் வைத்து ஓங்கி அடித்தார்.

ஊற்றி முடித்ததும் அழகப்பன் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். செல்லக்கண்ணு உட்கார்ந்து திருப்பினான். எஞ்சின் ஓடத் தொடங்கியது. மூன்று பேரும் முள்ளையே பார்த்தார்கள்.

முள் படுத்தே கிடந்தது. பிறகு எழுந்தது.